ஒன்பதாம் பக்கத்துத் திருத்தம்

நம் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு என் மேசையில் கிடக்கிறது. போன வாரம் உன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். பிரித்ததும் உன் மூக்குப்பொடி வாசம். தும்மினேன். செத்துப் போன பிறகும் என்னைச் சும்மா விடவில்லை நீ.

துறைமுகம், உப்பளம், ஐஸ் ஆலை என்று இயந்திரங்களுக்குத் தமிழில் கையேடு எழுதும் பதினொரு பேர் கொண்ட சங்கம். நீ செயலாளர். நான் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டே கையேடும் எழுதியவன். ஒரு வழக்கம்தான் நமக்குப் பெருமை. அச்சுக்குப் போகுமுன் கையேட்டை அந்த வேலை செய்கிறவரிடம் உரக்க வாசிப்போம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கேட்கக் கேட்க வெறுங்கையால் அந்த வேலையைச் செய்து காட்டுவார். கை தயங்கும் இடத்தில் நம் வாக்கியம் தப்பு. “கை பொய் சொல்லாதுடே” என்பாய்.

புதுத் துறைமுகம் திறந்த காலம். கம்பிவடத்தை உருளையில் சுற்றிச் சரக்கு இறக்கும் புது வின்ச்சுக்கான கையேட்டை நீயே எழுதினாய். கப்பல் வந்துவிட்டது, வாசிக்க நேரமில்லை என்று நேரே அச்சுக்கு அனுப்பினாய். முதலில் பிரேக்கைப் போடு, பிறகு கிளட்சை விடுவி என்று இருக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தில் நீ தலைகீழாக எழுதியிருந்தாய். “பழைய பழக்கத்தை விடும், புஸ்தகத்துல உள்ளபடி செய்யும்” என்று மேற்பார்வையாளர் சொல்ல, வின்ச் ஓட்டும் மணப்பாட்டு லூர்து அப்படியே செய்தார். சுமை சரிந்து, உருளை சுழன்று, அவர் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அவசரக் கூட்டத்தில் குறிப்பேட்டில் நீ எழுதினாய்: “லூர்து கையேட்டைப் பின்பற்றவில்லை. கையேட்டில் பிழை இல்லை.”

“அவரு கை போச்சுடே” என்றேன்.

“ஏலே, மெட்ராஸ்ல பெரிய சங்கத்துல நம்மளச் சேத்துக்கப் போறாவ. இப்பப் போயி தப்பு நம்மளுதுன்னு எழுதச் சொல்லுதியா?”

பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டோம். என்னுடையது ஏழாவது. அந்த வரியைக் காட்டித்தான் லூர்துவுக்கு அவருடைய நிறுவனம் மறுபடி வேலை தர மறுத்தது.

எந்த உறுப்பினர் கேட்டாலும் பழைய குறிப்பைச் செயலாளர் வாசிக்க வேண்டும் என்பது நீயே எழுதிய விதி. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் லூர்துவை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். நீ அந்தக் குறிப்பை வாசித்தாய். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்தாய்.

“பழி வாங்குதியோ?”

“ஆமா.”

“எத்தன வருசத்துக்கு?”

“நீ திருத்துத வரைக்கும்.”

நான்கு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் உன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிமுறை லூர்து எழுந்து, “செயலாளர் தண்ணி குடிக்கட்டும் அண்ணாச்சி, எனக்கு மனப்பாடமாயிட்டு, நானே சொல்லுதேன்” என்றார். கூட்டம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை.

நேற்று உனக்கு இரங்கல் கூட்டம். செயலாளர் பொறுப்பு இப்போது என்னிடம். மாலை போட்ட உன் படத்துக்கு முன் மௌன அஞ்சலிக்கு எல்லாரும் எழப் போனார்கள். “முதல்ல திருத்தம், பொறவுதான் இரங்கல்” என்றேன். பழைய குறிப்பை உன் படத்தைப் பார்த்தே வாசித்தேன். அதன் கீழே எழுதினேன்: “லூர்து கையேட்டை அப்படியே பின்பற்றினார். பிழை எங்களுடையது.” மீதி இருந்த பத்துப் பேரும் கையெழுத்திட்டோம். இந்த முறை என்னுடையது முதலாவது. நாளைக் காலை அதன் நகல் லூர்துவின் நிறுவனத்துக்குப் போகிறது.

பிறகு உனக்காக ஒரு நிமிட மௌனம். எல்லாரும் எழுந்தார்கள். லூர்தும் எழுந்தார், இரண்டு விரல் கையை மற்றக் கையோடு சேர்த்துக் கும்பிட்டபடி. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

வாசலில் அவர் கேட்டார்: “எனக்கே ஆறிட்டு அண்ணாச்சி. ஒங்களுக்கு ஆறலியா?”

ஆறவில்லை. பிழை எங்களுடையது என்ற ஒரு வரியை உன் வாயால் கேட்க நான்கு ஆண்டுகள் கை தூக்கினேன். நீ தரவில்லை. உனக்குத் தந்திருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.