மேகலாவின் பை தினம்

மார்ச் 12, வியாழன்
காலையிலேயே வெயில். பட்டறையில் மூன்றடி அகலத்தில் வட்ட சிமெண்ட் உறை எட்டு, செப்டிக் டேங்குக்கு. உறைக்குள் வளைத்து வைக்கிற கம்பியை வெட்டுவது என் வேலை. மகள் மேகலா சனிக்கிழமை வருகிற நினைப்பில் எல்லாவற்றையும் ஒன்பதடிக்கே வெட்டிவிட்டேன். வழக்கமாகப் பத்தடி. வளைத்தால் ஒன்றுகூட மூடவில்லை. எட்டும் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

கூட வேலை செய்யும் முருகேசன்: "அண்ணே, பொண்ணு காலேஜுல கணக்கு சொல்லித்தருது. அப்பனுக்கு யாரு சொல்லித்தரது?"

பத்தாவதில் என் கணக்கு மார்க் அவனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மார்ச் 13, வெள்ளி
மேகலா கோயம்புத்தூரிலிருந்து கடைசியாக வந்தது தீபாவளிக்கு. பொங்கலுக்கும் வரவில்லை. நாளை பை தினமாம். மூன்றாம் மாதம், பதினான்காம் தேதி: 3.14. "இந்தத் தடவ நம்ம வூட்டுலயே கொண்டாடுவோம்ப்பா" என்று அவளே சொன்னாள்.

அரியலூர் பேக்கரியில் கேக் சொன்னேன். மேலே π. வரைந்தும் காட்டினேன்.

"என்னண்ணே, ஸ்டூலா?"

"நம்பருப்பா."

"எத்தினி வயசுக்கு?"

"முடியாத வயசு. போடு."

இன்னும் பாக்கி: நாட்டுக்கோழி, சின்ன வெங்காயம், அவள் ரூம் டியூப்லைட், பைக்குக்குக் காற்று.

மார்ச் 14, சனி
காலை, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட். பைக்கில் இரண்டு ஹெல்மெட். போன்.

"அப்பா, நான் கெளம்பவே இல்லப்பா. காலேஜுலயே விழா வெச்சுட்டாங்க, என்னையத்தான் நடத்தச் சொல்லிட்டாங்க. ராத்திரி போன் பண்ணேன், நீங்க எடுக்கல."

"அதனால என்னம்மா. நானும் வூட்டுலதான் இருக்கேன்."

பின்னால் கண்டக்டர்: "துறையூர்! துறையூர்!"

"வூட்டுல எப்படிப்பா துறையூர் பஸ்ஸு?"

"டிவிம்மா."

ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைப் பைக்கில் தொங்கவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் கேக்கை நாங்கள் இரண்டு பேருமே வெட்டினோம். என் மனைவி சரசு, "ஏங்க, ஸ்டூலு காலு எனக்கு" என்றாள். சிரித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையாம்.

விழா முடிந்து மேகலா கூப்பிட்டாள். களைப்பில் குரல் கம்மியிருந்தது. போனைச் சீக்கிரம் வைத்துவிடுவாளோ என்று பயந்து, கேக்கில் இருந்த அந்த எண் ஏன் முடியாமல் போகிறது என்று கேட்டேன். அவ்வளவுதான், களைப்பெல்லாம் போய்விட்டது. பொறுமையாக, உதாரணத்தோடு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"புரிஞ்சுதாப்பா?"

"இல்லம்மா. மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் சொன்னாள்.

முதல் தடவையே புரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை.