எழுநூறு பூட்டுக்கு ஒரு திறவுகோல்

நலம் பெருகுக. தாழைமலை நாட்டையும் அதன் ஆற்றுப்படுகைகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும் நல்லமங்கை தேவியார், அலைவாய்த்துறைத் தலைவர் பெருஞ்சாத்தனாருக்கு எழுதுவித்த ஓலை. உம் துறைக்கு வரும் கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. உம் மனையில் விளக்கு அணையாதிருக்க. வாழ்த்து இவ்வளவே. இனிச் செய்தி.

தலைநகர்க் கொல்லர் தெருவில் பூட்டுச் செய்யும் சேந்தனை நீர் அறிவீர். ஒரு பூட்டின் திறவுகோல் இன்னொன்றைத் திறக்கலாகாது என்பது அவர் தொழிலின் நெறி. ஆகவே ஒவ்வொரு பூட்டின் உள்ளமைப்பையும் புதிதாகவே செய்வார். பத்து நாள் பிடிக்கும். ஈராண்டுக்கு முன், கடல் கடந்து வந்த வணிகக் குழுவினர் பார்க்க விரும்புகிறார்கள் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு பூட்டை அவரிடம் வாங்கினீர். அது துறையை விட்டு வெளியேறாது, மூன்றாம் நாள் திரும்பும் என்று முத்திரையிட்டு ஓலையும் கொடுத்தீர். அவர் பூட்டையும் ஒரு திறவுகோலையும் தந்தார். இணைத் திறவுகோலைத் தம் இடுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பூட்டு வரவில்லை. அது கப்பலேறியிருந்தது.

அடுத்த ஆண்டு அது பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. அவ்வணிகர் நாட்டில் ஆற்றுநீர் சுழற்றும் பொறிகள் நாளொன்றுக்கு முந்நூறு பூட்டுகளைச் செய்து தள்ளுகின்றனவாம். கடைத்தெருவில் பாதி விலை. பல்லாண்டு சேந்தனிடம் வாங்கியவர்கள், அச்சு அசலாக நீர் செய்யும் பூட்டைப் போலவே இருக்கிறது, பளபளப்பு மட்டும் கூடுதல், பிறகு பத்து நாள் எதற்குக் காத்திருப்பது என்று அவரையே கேட்டார்கள். அவர் பட்டறையில் இருந்த நால்வரும் உம் துறைக்குச் சுமைகூலிகளாகப் போனார்கள். அந்தப் பூட்டுப் பெட்டிகளைத்தான் இறக்குகிறார்கள். அரண்மனையும் களஞ்சியங்களுமாக எழுநூறு கதவுகளுக்கு அதே பூட்டு வாங்கப்பட்டது. வாங்கச் சொன்ன ஓலையில் தேவியாரின் முத்திரை இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை.

சென்ற திங்கள், எண்ணெய் விற்கும் மாசாத்தி தன் கடைத் திறவுகோலைத் தொலைத்துவிட்டு, புதுப்பூட்டை அறுத்துத் தருமாறு கூச்சத்தோடு சேந்தனைக் கூப்பிட்டாள். அரத்தை வைக்கப் போனவருக்கு என்ன தோன்றியதோ, இடுப்பிலிருந்த திறவுகோலை நுழைத்துத் திருப்பினார். திறந்தது. பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டு அங்கும் திருப்பிப் பார்த்தார். அதுவும் திறந்தது. பொறி வைத்திருந்தவர்கள் மாதிரியை மாற்றமின்றி அப்படியே வார்த்திருந்தார்கள். ஒரு பூட்டின் திறவுகோல் எல்லாப் பூட்டையும் திறக்கும்.

அன்று அவர் இந்நாட்டின் எந்தக் கதவையும் திறந்திருக்கலாம். அரண்மனைக்கு வந்தார். வேலை கேட்டு வந்தீரோ, பூட்டெல்லாம் இப்போது கப்பலில் வந்து இறங்குகிறதே என்று வாயிற்காவலர் அவரைக் கேலி செய்தனர். அவையில், அதே புதுப்பூட்டு இட்ட ஓலைப்பேழையைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் திறந்து காட்டினார். இது இனி என் இடுப்பில் இருக்கலாகாது என்று திறவுகோலைத் தேவியார் முன் வைத்தார். வேண்டுவதைக் கேட்கச் சொன்னபோது, என்னிடம் ஒரு சொல் கேட்காமல் என்னைக் கைவிட்டவர்களிடம் நான் எதைக் கேட்பது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே கட்டளை. ஓலை கண்டவுடன் அந்த நால்வரையும் சுமைப்பணியிலிருந்து விடுவித்துத் தலைநகருக்கு அனுப்புக. உம் களஞ்சியக் கதவுகளுக்குப் பூட்டை நம்பாது ஆள் நிறுத்துக. பின்னர் நீர் பல்லக்கின்றி நடந்து வந்து, சேந்தன் பட்டறை வாசலில் நிற்க. உள்ளே அழைத்தால் செல்க. அழைக்காவிட்டால் நிற்க. தேவியார் நேற்று நின்றார். உலை மூட்டப்படவில்லை.

இது தேவியார் ஆணை. தாழம்பூ முத்திரை இடப்பட்டது. அரண்மனை ஓலை பூட்டிய பேழையில் வருவது வழக்கம். இது நூலால் கட்டப்பட்டு, காவலன் கையில் வருகிறது. இந்நாட்டில் இப்போது பூட்டு என்று ஒன்று இல்லை.