நலமாயிருந்த முப்பது நோயாளிகள்

நிழல் குறையாத வெண்குடையும், போர் காணாமலே மழுங்கிய பொன்வாளும் உடையவரான வெண்குன்றத்து வேந்தர் பெருநற்கோ மகாராயரின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சர் கொற்றங்குடியார் ஆலம்புரி நாட்டதிகாரி பூவணருக்கு விடுக்கும் ஓலை. உம் நாட்டு ஏரிகள் நிறைக.

சென்ற திங்கள் வேந்தர் உம் ஊர் ஆதுலர்சாலைக்கு எழுந்தருளி, முப்பது கட்டில்களிலும் கிடந்த நோயாளிகள் கன்றுபோல் கொழுத்திருக்கக் கண்டு, தம் ஆட்சியில் நோய் அற்றுப்போயிற்று என்று கண்கலங்கினார். அவையோரும் கலங்கினர், பின்வரிசையில் நின்றவர்களுக்குச் சற்றுத் தாமதமாகக் கலங்கியது. ஆகவே ஆணையாவது: நோயற்ற ஊருக்கு வைத்தியர் மிகை. சாலையைப் பூட்டி, வாயிலில் வெற்றிக்கல் நாட்டுக. அரசியாரின் கிளிகளுக்கு இறகு உதிர்வதால், வைத்தியர் உமையாழை மருந்துப் பேழைகளோடு அரண்மனைக்கு அனுப்புக. இவ்வேட்டில் அரச முத்திரை இடப்பட்டது.

இரண்டாம் ஏடு. இது எழுத்தர் எழுதியதன்று. அமைச்சர் தம் கையாலேயே எழுதுவது.

நான்காம் கட்டிலில் கிடந்தவன் போர்வைக்குள் வீரக்கழல் அணிந்திருந்ததை அமைச்சர் அன்றே கண்டார். என்ன நோய் என்று வேந்தர் வினவ, அவனும் "ஒரு கொறையுமில்ல மகாராசா, நல்லாப் பசிக்குது" என்று உண்மையையே சொன்னான். அமைச்சரும் அவையோரோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேந்தர் வருகையில் விரிப்பு அழுக்காகலாகாது என்று நீவிர் காவல்வீரரைக் கட்டிலில் கிடத்தி, காய்ச்சல் கண்ட பத்தொன்பதின்மரை மாட்டுக்கொட்டிலுக்குத் தள்ளினீர். மூன்று நாள் மழையில் எழுவர் மாண்டனர். இதைச் சொல்ல உமையாழ் தலைநகர்வரை நடந்தே வந்தாள்.

"பழைய அதிகாரி சொல்லாம கொள்ளாம வருவாரு. கஞ்சிப்பானைய மோந்து பாத்து என்னையத் திட்டுவாரு. அப்ப சனம் பொழச்சுது. நீங்க முரசடிச்சிட்டு வர்றீங்க, ஐயா. சுவரெல்லாம் பளபளன்னு இருக்கு. மிச்சமிருக்குற பன்னெண்டு பேருக்காச்சும் கட்டிலக் குடுங்க" என்றாள் அவள். முரசுக்கு நாள் குறித்தவர் அமைச்சரே.

இனிச் செய்யவேண்டியது: சாலை பூட்டப்பட்டது, வைத்தியர் புறப்பட்டார் என்று இன்றே மறுவோலை விடுக்க. விடுத்தபின் பூட்டைத் திறந்து, பன்னிருவரையும் கட்டிலில் ஏற்றுக. இவ்வோலையோடு வரும் உமையாழை அங்கேயே இருத்துக. ஆற்றில் வெள்ளம், வழி அடைபட்டது என்று அமைச்சர் அவையில் சொல்லிக்கொள்வார். கிளிகளுக்கு இறகு தானே முளைக்கும். முளைத்தால் அதற்கும் ஒரு கல் நாட்டுவார்கள். வேந்தர் ஓலையைக் கேட்டு மகிழ்வாரேயன்றி, முரசில்லாமல் போய்ப் பார்க்கமாட்டார். முப்பதாண்டாய் இந்நாட்டில் எல்லாம் இப்படித்தான் நிறைவேறி வருகிறது. அந்த வழக்கத்தால் இம்முறையாவது சிலர் பிழைக்கட்டும்.

இவ்வேட்டுக்கு முத்திரை இல்லை, படித்ததும் அடுப்பிலிடுக. மாண்ட எழுவரின் பெயர்களை மட்டும் உமையாழிடம் கேட்டெழுதி, அமைச்சரின் கைக்கே அனுப்புக. இந்நாட்டு ஏடுகளின்படி அவர்களுக்குக் காய்ச்சலே வரவில்லை.

இது ஆணை.