வாயில் பிளாஸ்திரி ஒட்டிய பெட்டி

மருந்துக்கடைப் பிளாஸ்திரியின் பிசின் வாசனை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. உன் டிஸ்க் பெட்டியில், பீப் சத்தம் வரும் ஓட்டையின் மேல் மூன்று அடுக்கு ஒட்டி வைத்திருந்தாய். இன்றுதான் பிரித்தேன்.

உன் பாப்பாரப்பட்டி ஸ்டுடியோவுக்கு நான் மாட்டிக்கொடுத்த பெட்டி அது. நீ எடுத்த வீடியோவெல்லாம் சேமிக்க உள்ளே நான்கு டிஸ்க். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் சமாளிக்கும். செத்ததை உடனே மாற்றச் சொல்லிப் பெட்டி கத்தும். கத்தத்தான் செய்தது. நீயோ கல்யாண வீடியோவுக்குக் குரல் பதிந்துகொண்டிருந்தாய். "பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு நடுவுல கீ கீன்னு வுழுதுடா. அதான் வாயை ஒட்டிட்டேன். இன்னும் மூணு இருக்குதில்ல? ஆடி பொறக்கட்டும், மாத்திக்கலாம்" என்று போனில் சிரித்தாய். ஆடியில் கல்யாணம் கிடையாது, உனக்கு ஓய்வு.

ஆடி பிறந்தபோது நீ இல்லை. ஒகேனக்கல்லில் ஷூட்டிங் முடித்துத் திரும்பும்போது மலைப்பாதை வளைவில் பைக்கோடு போய்விட்டாய். பாவி, உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

உன் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு, என் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். அதற்குள் இரண்டாவது டிஸ்க்கிலும் பேட் செக்டார், படிக்க முடியாத கெட்ட இடங்கள்.

"அண்ணா, மத்தது எதுவும் வேணாங்க. பாப்பா காதுகுத்து மட்டும் வந்தாப் போதுங்க. போட்டோ வூட்ல இருக்குதுங்க. அவரு நடக்கறது, பேசறது அது ஒண்ணுலதாங்க."

ஊரையே படம் பிடித்தவன், அன்று மட்டும்தான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாயாம்.

முதலில் நல்ல இடங்களை எல்லாம் நகல் எடுத்தேன். பிறகு கெட்ட இடங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கி, மெதுவாகப் படிக்க விட்டேன். நல்ல வெயில், வெளியே பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். அதையும் மீறி அந்த டிஸ்க், உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் கதவைத் தட்டுவதுபோல் டக், டக் என்று தட்டியது. "இருடா, இரு" என்று என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் உன் மனைவியையும் பாப்பாவையும் வரச்சொல்லி வீடியோவைப் போட்டேன். தாய்மாமன் மடியில் மொட்டைத்தலையோடு பாப்பா. பக்கத்தில் உன் மனைவி. அடுத்து, உனக்காகப் போட்ட காலி நாற்காலி. நீ நடந்து வரவேண்டிய இடத்தில் படம் அப்படியே உறைந்துவிட்டது. செத்த செக்டார்கள் சரியாக அங்கேதான் இருந்தன. சத்தம் மட்டும் ஓடியது. பாப்பாவின் அழுகை, அதன்மேல் உன் குரல்: "அழுவாத கண்ணு. அப்பா இங்கதான இருக்கேன். இங்க பாரு."

திரையில் நாற்காலி காலியாகவே இருந்தது.

ஸ்பீக்கர் எங்களுக்கு முன்னால்தான் இருந்தது. மூன்று வயதுப் பாப்பா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. திரும்பி, என் தோளுக்குப் பின்னால் சுவர்ப்பக்கம் பார்த்துச் சிரித்தாள். "அப்பா" என்றாள்.

நானும் திரும்பிப் பார்க்கப் போனேன்.

"அண்ணா, திரும்பாதீங்க" என்றாள் உன் மனைவி. அந்தக் குரலில் பயமே இல்லை, கெஞ்சினாள். "அவ பாக்கட்டுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். பிளாஸ்திரியைத் தூக்கிப்போட மனசு வராமல் மேஜை விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். இதை எழுதும்போதும் அந்தச் சுவர் எனக்குப் பின்னால்தான் இருக்கிறது. படம் பிடிக்கும்போது "அசையாம இருடா, இதோ முடிஞ்சுது" என்று என்னை அதட்டுவாயே, அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.