நாலாவது தட்டுக்கு ஒரு ‘ங்கா’

புளியந்தோப்பு
6 ஜூலை 2025

சைமா அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார்களா, ஒன்றும் தெரியவில்லை.

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் பின்னாலேயே நம் சைமா குரலும் வரும் என்று என் காது காத்துக்கொண்டு நிற்கிறது. வருவதில்லை. அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் வாய்ஸ் மெசேஜ் ஒன்றைக்கூட நான் திறக்காதது அதனால்தான். கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போக ஷேர் ஆட்டோ ஏறினேன். வியாசர்பாடியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். சும்மா கிடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அம்மாதான் அனுப்பினாள். ஆட்டோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் சிநேகிதன் ஜெயவேல் குரல் என்று ஏறும்போதே தெரிந்துவிட்டது. நம் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எத்தனை நாள் கத்தியிருக்கிறான்! பையன் ஷேர் ஆட்டோ வரைக்கும் வந்துவிட்டானே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பீட் உங்களுடையது என்பதும் தெரிந்தது. கன்டெய்னர் கதவுக் கொண்டி விழுகிற சத்தத்தை வேறு யார் மேளமாக்குவார்கள்?

அதற்கு மேல் ஒரு பெண் குரல். வார்த்தை இல்லாமல் உம், உம் என்று இழுத்தது. கொஞ்சம் கீச்சென்று ஏற்றி வைத்திருந்தீர்கள். நாலாவது தட்டில் ஒரு குழந்தை ‘ங்கா’ என்றது.

எதிரில் இரண்டு காலேஜ் பெண்கள். ஒவ்வொரு நாலாவது தட்டுக்கும் அவர்களும் ‘ங்கா’ சொல்லிச் சிரித்தார்கள். நான் பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

எவ்வளவு ஏற்றினாலும், எப்படி வெட்டி ஒட்டினாலும், பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் குரல் உங்களிடம் இருந்ததா? எப்போது எடுத்தீர்கள்? ஜனவரியில் அவளை அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து, அவள் எப்படி ‘ங்கா’ சொல்வாள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வாய் தெரிகிறது. சத்தம் வரமாட்டேன் என்கிறது. அது உங்கள் லேப்டாப்பில் இருந்திருக்கிறது. ஊரெல்லாம் கேட்டு முடித்த பிறகு நான் கேட்கிறேன்.

நவ்ரீன்

*

திருவொற்றியூர்
11 ஜூலை 2025

அன்பு நவ்ரீனுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் லெட்டர யார்டு கேட்டுக்கு வெளிய நின்னு படிச்சேன். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுகினே இருந்தான். எனக்கு நகரத் தோணல.

ஆமா. நீயும் நம்ம சைமாவும்தான்.

தீபாவளிக்கு முன்னாடி ஒரு மத்தியானம். ஷிப்ட் முடிஞ்சு வந்தேன். நீ அவளுக்கு எண்ணெ தேச்சுகினு இருந்த. நீ ‘உம்’முனு இழுத்து முடிக்கிற எடத்துல அவ கரெக்டா ‘ங்கா’ங்கிறா. பீட்டு போடுறவன் புத்தி, இன்னா பண்றது. போன ஆன் பண்ணி ஜன்னல்ல வெச்சுட்டு சத்தம் போடாம நின்னேன். அப்புறம் மறந்தே போச்சு.

அவ போனப்புறம் உங்கம்மா என்னத் தனியா கூப்ட்டு, “மாப்ள, அவ முன்னாடி கொழந்த பேச்சே எடுக்காதீங்க, போட்டோ எதுவும் காட்டாதீங்க”ன்னாங்க. கவுனெல்லாம் மூட்டை கட்டி எடுத்துகினு போனாங்களே, அன்னிக்கிதான். நானும் பயந்துட்டேன், நீ ஒடஞ்சு போயிடுவேன்னு. அதான் ஹெட்போன மாட்டிகினு நான் மட்டும் கேட்டேன். சாப்புட கூப்புடுவியே, காது கேக்கலையான்னு திட்டுவியே, அப்பெல்லாம் அதத்தான் கேட்டுகினு இருந்தேன்.

நீ உங்கம்மா வூட்டுக்குப் போனப்புறம், ஜெயவேலு அவன் நைனாவப் பத்தி எழுதிகினு வந்தான். ஃபேக்டரில நெஞ்சு கெட்டு, மூச்சு வாங்கி வாங்கியே போனாரே, அந்தக் கத. பாட்டு பேரே ‘மூச்சு’. நான் போட்ட எந்த பீட்டும் ஒட்டல. டீ போடலாம்னு உள்ள போனேன். ஹெட்போன் வயரு கழண்டு போச்சு போல, உங்க ரெண்டு பேர் சத்தமும் வெளிய வந்துட்டுது. திரும்பி வந்து பாத்தா அவன் கண்ண மூடிகினு அதுமேல பாடிகினு கீறான்.

“மாமு, இத்த நிறுத்தாத. இன்னா ஆனாலும் நிறுத்தாத”ன்னான்.

நிறுத்தல. அவ ‘ங்கா’ங்கிறதுக்கு ஒருத்தன் பதில் சொல்ற மாதிரி இருந்துச்சு நவ்ரீன். அவ்ளோ நாளா அவ மட்டும் கூப்ட்டுகினே இருந்தா, யாரும் பதில் சொல்லல.

குரல ஏத்தினது, வெட்டினது எல்லாம் உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான். இப்ப ஒரு சினிமா கம்பெனி அவனக் கூப்ட்டிருக்கு. அந்தப் பாட்ட அப்படியே வேணும்ங்கிறாங்க. விம்கோ நகர்லேர்ந்து போற பையன், அதுதான் அவன் கையில கீற ஒரே பாட்டு. நீ எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். கொஞ்சம் யோசிச்சு சொல்லு.

இதோட ஒரு மெமரி கார்டு வெச்சிருக்கேன். வெட்டாதது. முழுசா கீது.

உன்
உபைது

*

புளியந்தோப்பு
25 ஜூலை 2025

சைமா அத்தாவுக்கு,

ஸலாம். கார்டு வந்தது. அதற்கு முன்னால் வேறொன்று சொல்ல வேண்டும்.

ஜெயவேலை நானே போனில் கூப்பிட்டு வரச் சொன்னேன். வாழ்த்துச் சொல்லத்தான் அண்ணி கூப்பிடுகிறாள் என்று நினைத்து, ஸ்வீட் பாக்ஸோடு மாடி ஏறி வந்தான். உள்ளே வரும் முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

“அந்தப் பாட்டுல வர்ற கொழந்த யாருன்னு தெரியுமா ஜெயவேலு?”

“தெரியாது அண்ணி. நெட்ல கெடச்சுதுன்னு உபைது சொன்னான். எவனோ வெளிநாட்டுக்காரன் போட்டு வெச்சதாமே. ஏன் அண்ணி?”

“நம்ம சைமா.”

அவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். “எங்கம்மா மேல சத்தியமா தெரியாது அண்ணி. நான் தூக்கி வெளாண்ட கொழந்த அண்ணி அது. சினிமாவும் வோணாம், ஒரு மண்ணும் வோணாம், இப்பவே எடுத்துர்றேன்” என்று அழுதுகொண்டே போனைத் தட்ட ஆரம்பித்தான். நான்தான் பொறு என்றேன். பக்கத்து வீட்டார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஸ்வீட் பாக்ஸை அவர்களிடமே கொடுத்தனுப்பினேன்.

நெட்டில் கிடைத்ததா? என் வயிற்றில் கிடந்த பிள்ளையை எவனோ வெளிநாட்டுக்காரன் போட்டு வைத்தானா? எனக்கு மறைத்தீர்கள், அம்மா சொன்னதால் என்கிறீர்கள். சரி. அவனுக்கு ஏன் மறைத்தீர்கள்? அவனுக்காவது, ‘இது என் மகள்’ என்று சொல்லியிருக்கலாமே.

கார்டை அம்மா தூங்கும்போது தனியாகக் கேட்டேன். பிறகு அம்மாவையும் எழுப்பிக் கேட்க வைத்தேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “தப்பு பண்ணிட்டேன்டி, எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன்” என்று அழுதாள். கவுன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பதிவின் கடைசியில் நான் உங்களைப் பார்த்துவிட்டு, “யாரு வந்திருக்கா பாரு, அத்தா வந்துட்டாங்க பாரு” என்கிறேன். அவள் சிரிக்கிறாள். “அத்தா, என்னைத் தூக்குங்கன்னு சொல்லு” என்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவு கெட்டுவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவள் மறுபடி கூப்பிடுகிறாள். அப்புறம் முடிந்துவிடுகிறது.

உங்கள் குரல் எங்காவது இருக்குமா என்று திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை.

நவ்ரீன்

*

திருவொற்றியூர்
10 ஆகஸ்ட் 2025

அன்பு நவ்ரீனுக்கு,

உடனே எழுத முடியல. மன்னிச்சுக்கோ.

ஜெயவேலு கிட்ட ஏன் பொய் சொன்னேன்னு கேட்ட. என் கொழந்தன்னு சொன்னா, அவ இப்ப இல்லன்னும் சேத்து சொல்லணும். அவ மையத்த அடக்கம் பண்ண வந்தவன், அவனுக்கு எல்லாம் தெரியும்தான். ஆனா என் வாயால நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நெட்ல கெடச்சுதுன்னு சொல்றது சுளுவா வந்துட்டுது.

நீ சொல்றதுக்கு முன்னாடியே பாட்ட மாத்திட்டேன். உன் குரல், அவ குரல் ரெண்டையும் தூக்கிட்டு ஹார்பர் சங்கு சத்தத்த இழுத்துப் போட்டேன். ஜெயவேலுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசும் கேட்டான். ஹெட்போன கழட்டி மெதுவா கீழ வெச்சான். “பீட்டு நல்லாத்தான் கீது. ஆனா உன் பக்கத்துல உக்காந்து பாட என்னால முடியாது மாமு”ன்னான். அஞ்சு வருசமா என் வூட்ல சோறு தின்னவன், தண்ணி கூட குடிக்காம எழுந்து போனான். அவன் மேல தப்பில்ல.

லேப்டாப்ப துணியில சுத்தி பரண் மேல போட்டுட்டேன். பாத்ரூம் கதவு தாழ்ப்பா சரி பண்ணியாச்சு. பக்கத்து வூட்டு ஃபிர்தௌஸ் அக்கா தெனமும் உன்ன கேக்குது, கொழம்பு குடுத்தனுப்புது. நான் யார்கிட்டயும் பேசாம திரியறேன்னு திட்டுது. எனக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியும். கண்ணாலம் பேசி முடிச்சப்பவே உங்கம்மா கேட்டாங்களே, “மாப்ள ஊமையா”ன்னு. அன்னிக்கி நீ சிரிச்ச.

வூட்டுக்கு வா நவ்ரீன். பாட்டு வேணாம், ஒன்னும் வேணாம். நீ வந்து சும்மா உக்காந்திரு, போதும்.

உன்
உபைது

*

புளியந்தோப்பு
14 செப்டம்பர் 2025

உபைதுல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். நீங்களும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

ஜெயவேல் போன வாரம் வந்தான். நான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டதே இல்லை, போடு என்றேன். அவன் காதில் ஒன்று, என் காதில் ஒன்று என்று மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டோம். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவிக்கிற இடம் வரும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாட்டு நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு ‘ங்கா’வுக்கும் முன்னால் மேளத்தை நிறுத்தி ஒரு சின்ன இடம் விட்டிருக்கிறீர்கள், அவள் மூச்சை இழுத்துக்கொள்ள. அவளுக்கு மூச்சு இளைக்கும் என்று தெரிந்த ஒருவரால்தான் அப்படி இடம் விட முடியும். அவளை நீங்கள் எவ்வளவு நேசித்தீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதை நான் பாட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே.

பழைய பாட்டே இருக்கட்டும், சினிமாவுக்கும் கொடு என்று ஜெயவேலிடம் சொல்லிவிட்டேன். பேர் போடுவதானால் என் பேர் வேண்டாம், சைமா என்று மட்டும் போடச் சொன்னேன். இனி யாரும் அவளை யாரோ என்று நினைக்க வேண்டாம்.

நான் வரமாட்டேன்.

பாட்டுக்காக என்று நினைக்காதீர்கள். நம் பிள்ளை போன பிறகு ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தோம். நீங்கள் ஹெட்போனுக்குள் அவளோடு இருந்தீர்கள், நான் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதைக் கழற்றி என் காதில் வைத்திருந்தால் நாம் இருவரும் சேர்ந்து அழுதிருப்போம். ‘சும்மா உக்காந்திரு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மறுபடி அப்படி உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

பிரிந்துபோக குலா கேட்டு ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தாவுல்லா மாமா உங்களை வந்து பார்ப்பார். அவரிடம் கோபப்பட வேண்டாம், வயசானவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூப்பிடுவார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நவ்ரீன்

*

திருவொற்றியூர்
20 அக்டோபர் 2025

நவ்ரீனுக்கு,

ஸலாம். இனி உனக்கு எழுத எனக்கு பாத்தியத இல்ல. இதுக்கு நீ பதில் போட வேணாம்.

அன்னிக்கி ஜமாஅத் ஆபீஸ்ல ஹஸ்ரத் உன்கிட்ட இன்னா கொறைன்னு கேட்டப்ப, “கொறை ஒன்னும் இல்ல, நல்லவரு, பேசமாட்டாரு”ன்னு சொன்ன. அப்புறம் என்னப் பாத்து, “உனக்கு எதுனா சொல்லணுமாப்பா?”ன்னு கேட்டாரு. எல்லாரும் காத்துகினு இருந்தாங்க. நீ தலையக் குனிஞ்சுகினு இருந்த, ஆனா நீயும் காத்துகினு இருந்தேன்னு எனக்குத் தெரியும். நான் எழுந்து பேனாவ வாங்கினேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்.

அன்னிக்கி சொல்ல நெனச்சத இப்ப எழுதறேன். உன்ன திருப்பிக் கூப்புடறதுக்கு இல்ல. கபரஸ்தானுக்கு நீ வரல, பொம்பளைங்க வரக்கூடாதுன்னுட்டாங்க. அங்க இன்னா நடந்துச்சுன்னு யாரும் உனக்கு சொல்லியிருக்க மாட்டாங்க. நீயும் கேக்கல, நானும் சொல்லல.

வழியெல்லாம் அவள நான்தான் தூக்கினு போனேன். வேற யார்கிட்டயும் குடுக்கல. லேசா தூறல். நெஞ்சோட அணைச்சு துண்ட மேல போட்டுகினேன், நனையல. கபர் குழியில எறங்கினதும் நான்தான். மேலேர்ந்து வயசான ஒருத்தர் குடுத்தாரு, நான் வாங்கிகினேன். மொகத்த மேக்கால, கிப்லா பக்கம் திருப்பி கன்னம் மண்ணுல படற மாதிரி வெக்கணும்னாங்க. மண்ணு ஜில்லுனு இருந்துச்சு. அதான் என் கைய கன்னத்துக்குக் கீழ வெச்சுகினேன். மேலேர்ந்து “போதும்பா, ஏறி வா”ன்னாங்க. இருங்கன்னேன். ரெண்டு மூணு வாட்டி கூப்ட்டாங்க. என் கை சூட்டுல அந்த எடம் கொஞ்சம் வெதுவெதுன்னு ஆனப்புறம்தான் கைய எடுத்தேன்.

உபைதுல்லா