அவர் சட்டையில் பூண்டு வாசனை

நவ. 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. மாதா கோயில் பூசைக்குக் குடையோடு போயும் நனைந்துதான் திரும்பினோம்.

ஞாயிறென்றால் எங்கள் வீட்டில் பீஃப் பீன்ஸ் வறுவல். அவர்தான் செய்வார். கல்யாணமான புதிதில் அவராகக் கண்டுபிடித்தது. பூசை முடிந்து பசியோடு வந்தால் சட்டென்று தட்டில் இருக்கும். இன்று, “நீயே செஞ்சிடு ரெஜி, ஒரே அசதி” என்று படுத்துவிட்டார். காய்ச்சலில்கூடக் கரண்டியை என்னிடம் கொடுக்காத மனுஷன்.

நானே செய்தேன். கறி, பீன்ஸ், வெங்காயம், எல்லாம் ஒன்றாகப் போட்டேன். தண்ணீர் விட்டுக்கொண்டது. கறி ரப்பர் மாதிரி. மகள் ஷைனி கரண்டியால் கிளறிப் பார்த்து, “அம்மா, இது வறுவல் இல்ல, கொழம்பு” என்றாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டு, “நல்லாத்தான் இருக்குது” என்றார். வழக்கமாக என் சமையலில் ஆயிரம் நொட்டை சொல்வார்.

கம்பெனியில் அப்படி என்ன அசதி? கேட்டேன். “லோடு ஜாஸ்தி.” அவ்வளவுதான் பதில்.

நவ. 10, திங்கள்

மழை இல்லை. காலையிலேயே துவைத்தேன்.

அவர் யூனிஃபார்ம் காலர் சுத்தமாக இருக்கிறது. எப்போதும் மெஷின் ஆயில் கறை, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இது இஸ்திரி போட்டு அப்படியே மாட்டி வைத்த மாதிரி. உள்ளே போடும் டி-ஷர்ட்டில் மட்டும் எண்ணெய், பூண்டு, மிளகு வாசனை. மூக்கருகே வைத்து மறுபடி பார்த்தேன். சோயா சாஸும்.

சாயங்காலம் சும்மா கேட்பது போல, “கேன்டீன்ல இன்னா போட்டாங்க?”

“சாம்பார்தான்.”

சாம்பாரில் சோயா சாஸ் யார் ஊற்றுவார்கள்?

மறக்காமல்: கேஸ் புக் பண்ண. ஷைனிக்கு ரெக்கார்ட் நோட். செருப்பு வார் தைக்க.

நவ. 11, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் பட்டுக் கடை இருக்கிற காந்தி ரோட்டில் நடக்க இடமில்லை, கார்த்திகை முகூர்த்தக் கூட்டம். ஒரு குடும்பம் அலமாரியில் இருந்த பட்டுப் புடவையெல்லாம் இறக்க வைத்துவிட்டு, “கலர் புடிக்கல” என்று எழுந்து போனார்கள். எல்லாம் மடித்து வைத்தது நான்தான்.

சாப்பாட்டு வேளையில் கமலா அக்கா. கடையில் என்னோடு புடவை காட்டுபவர். வீட்டில் தறி ஓடுகிறது, சுத்த சைவம். அவர் எதிரில் நான் கறி கொண்டுபோவதில்லை. திங்கட்கிழமைகளில் முதல் நாள் வறுவலிலிருந்து பீன்ஸை மட்டும் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொள்வேன், பொரியல் என்று நினைத்துக்கொள்வார்.

“உங்க ஊட்டுக்காருக்கு இன்னைக்கு லீவாம்மா?”

“இல்லியே. கம்பெனிக்குப் போயிருக்காரு.”

“காலையில மார்க்கெட்ல பார்த்தனே. வண்டியில மூட்டை பீன்ஸ் வெச்சிக்கினு போனாரு.”

“வேற யாராவது இருக்கும்க்கா.”

“ஹெல்மெட்கூட இல்ல. நான் சிரிச்சேன், பார்க்காத மாதிரி போயிட்டாரு.”

மீதிச் சோற்றை டப்பாவோடு எடுத்து வைத்துவிட்டேன்.

அவர் கம்பெனியில் வேலை செய்யும் லில்லியா? புருஷன் செத்தபின் நன்றாகச் சிரிக்கிறாள் என்று இவர்தான் ஒருமுறை சொன்னார். எதற்குச் சொன்னார்?

ஷைனியிடம், “அப்பா நடவடிக்கை எதுனா வித்தியாசமா தோணுதா உனக்கு?”

“நார்மலாதாம்மா இருக்காரு. ஓவரா திங்க் பண்ணாத.” சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். இவளும் கூட்டா?

நவ. 12, புதன்

சூப்புக்கு எலும்பு வாங்குகிற சாக்கில் பாய் கடைக்குப் போனேன்.

“இன்னாம்மா நீ வந்திருக்கிற? அண்ணன் காலையிலயே வாங்கினு போயிட்டாரே. தெனம் வர்றாரு. சதையா நெறைய கேக்குறாரு, மெலிசா வெட்டுன்னு உசுர வாங்குறாரு. ஊட்ல விசேஷமா?”

“ஆமா பாய்.” வேறென்ன சொல்வது.

வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று எப்படியோ கேட்டுவிட்டேன். ஊருக்கு வெளியே, ஓரிக்கைப் பக்கமாம். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எலும்பை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

எங்களுக்கு ஞாயிறு மட்டும். வேறு யாருக்கோ தினம். இன்னொருத்தியோடு நின்று பேசினார், சிரித்தார் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. அந்த வறுவலை அவளுக்குச் செய்து போடுகிறாரே. அவள் அடுப்பில். அவள் சட்டியில்.

நவ. 13, வியாழன்

தலைவலி என்று சொல்லி மத்தியானம் லீவு. பொய்யில்லை, வலித்தது. ஷேர் ஆட்டோவில் ஓரிக்கை. இரண்டு தெரு சுற்றினேன். மூன்றாவதில் அவர் வண்டி, பின்னால் மாதா ஸ்டிக்கர். நீல கேட் வீடு. வாசனை தெருவுக்கே வந்தது.

நைட்டி மேல் துண்டு போட்டு ஒருத்தி, என் வயதுதான், வாசலில் டிரம்மில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே பார்த்து, “ஆச்சா?” என்றாள்.

“ரெண்டே நிமிஷம்!” அவர் குரல். வீட்டில் இப்படி உற்சாகமாகப் பேசி எத்தனை நாளாயிற்று.

ஆட்டோவில் வரும்போது என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன் கேட்பதற்கு.  அவள் முந்திக்கொண்டாள்: “சாப்பாடாம்மா? உள்ள வா. லேடீஸ் யாரும் வர்றதில்ல, ஓரமா டேபிள் போட்டுத் தர்றேன்.”

உள்ளே பெஞ்சு பெஞ்சாகக் கம்பெனிப் பசங்கள். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார்கள். மெஸ். அவள் காட்டிய ஓரத்து டேபிளில் உட்கார்ந்தேன்.

தட்டு வந்தது. சோறு, ரசம், ஓரத்தில் வறுவல். சாய்வாக வெட்டிய பீன்ஸ், தோல் சுருங்கியும் பச்சை மாறவில்லை. வெற்றிலை கனத்தில் கறி. வாயில் வைத்ததும் தெரிந்தது. அவர் கைதான்.

“மாஸ்டர், இங்க கொஞ்சம் பீன்ஸ்!” என்று ஒருவன் கத்தினான். தலையில் துண்டு, கையில் இரும்புச் சட்டி, வேர்த்து ஊற்ற வெளியே வந்தார். என்னைப் பார்த்தார்.

“ரெஜி...”

“எனக்கும் கொஞ்சம் போடுங்க மாஸ்டர்.”

போட்டார். மேசையில் கொஞ்சம் சிந்தியது. அந்தப் பெண், “தெரிஞ்சவங்களாண்ணே?” என்று கேட்க, “என் ஊட்டுக்காரிம்மா” என்றார். அவள் பதறிப்போய் எனக்கு அப்பளம் கொண்டுவந்தாள்.

பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று பேசினோம். தீபாவளியோடு கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்களாம்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கடையில எல்லார்கிட்டயும் கம்பெனி, கம்பெனின்னு சொல்லிக்கினு இருக்கிற. அடுப்பாண்ட நிக்கிறேன்னு எப்பிடி சொல்றது? வேற கம்பெனி கெடச்சதும் சொல்லலாம்னு...”

“அப்ப தெனம் யூனிஃபார்ம் போட்டுக்கினு?”

“இங்க வந்து கழட்டிடுவேன்.”

“ஷைனிக்குத் தெரியுமா?”

தலையாட்டினார். தெரியும்.

நவ. 14, வெள்ளி

ஷைனி காலையில் அழுதாள். “நீ கத்துவேன்னு அப்பா பயந்தாரும்மா.” கத்தத்தான் செய்வேன். கத்திவிட்டுச் சோறு போடாமல் இருந்துவிடுவேனா?

பொம்பளை விஷயம் இல்லை. அந்த மட்டும் நிம்மதி. ஆனால் தினமும் ஷூவுக்கு பாலிஷ் போட்டார். நான் கட்டிக் கொடுத்த டப்பாவை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்றார். டப்பாவை என்ன செய்தார் என்று இன்று கேட்டேன். மெஸ் பசங்களுக்குக் கொடுத்தாராம். இவ்வளவு சுத்தமாக நடிக்க வருமா இவருக்கு?

கடையில் கமலா அக்காவிடம் நானே சொன்னேன். “அவரு இப்ப மெஸ்ஸுல சமையல்க்கா.”

“இன்னா மெஸ்ஸு?”

“பெரிய கறி, பீஃபுதான். ஓரிக்கையில.”

டப்பாவை மூடினார். சரி, இனி என் பக்கத்தில் உட்கார மாட்டார் என்று நினைத்தேன். கை கழுவி வந்து, “தறி சத்தத்துல தூங்க முடியலன்னு எங்க பெரியவன் ரூம் எடுத்திருக்கிறது அங்கதான். லீவுல ஊட்டுக்கு வந்தா என் சமையல ஒழுங்கா சாப்புடவே மாட்டேங்குறான்...” என்று இழுத்தார்.

நான் புடவை மடிக்கப் போய்விட்டேன்.

நவ. 16, ஞாயிறு

மெஸ்ஸுக்கு லீவு. அவரே சமைத்தார். கறியை ஃப்ரீசரில் பாதி இறுக வைத்து, நாருக்குக் குறுக்கே மெலிசாக வெட்டினார். முதலில் பீன்ஸ் தனியாக, பெரிய தீயில். எடுத்து வைத்துவிட்டு, சட்டி புகைய ஆரம்பித்ததும் கறி. கிளறவே விடவில்லை. பிறகு பூண்டு, வெங்காயம், பீன்ஸ், சோயா சாஸ், கடைசியில் மிளகு. பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ஷைனி சட்டியிலேயே சோறு போட்டுப் பிசைந்தாள்.

“வேற எதுனா சொல்ல வேண்டியது இருக்குதா?” என்றேன்.

“இன்னா வேற?”

“எதுனா.”

“இல்ல ரெஜி.” கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அப்போதும் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நவ. 17, திங்கள்

நல்ல வெயில். யூனிஃபார்மை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். அவர் பழைய டி-ஷர்ட்டோடு கிளம்பினார். தெருமுனை திரும்பும்வரை கேட்டில் நின்றேன். ஓரிக்கைப் பக்கம்தான் திரும்பினார்.

ஒரு மணி நேரம் கழித்து, அன்றைக்கு வாங்கி வைத்த நம்பரில் மெஸ்காரம்மாவுக்கு போன் போட்டேன்.

“வந்துட்டாரா?”

“இதோ வெங்காயம் உரிச்சிக்கினு இருக்காரு. குடுக்கட்டுமா அண்ணி?”

“வேணாம். சும்மாதான்.”

வெட்கமாகத்தான் இருந்தது. நாளைக்கும் கேட்பேன்.