ஒன்றும் கேட்காத எலுமிச்சம்பழம்

இன்று காலை வடக்கனந்தலிலிருந்து ஒருவர் வந்து, கல்லாப்பெட்டி மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டார். மகனுக்கு மில்லில் வேலை வேண்டுமாம், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். அவர் போன பிறகும் சாமை மூட்டைகளின் தூசியை மீறிப் பழம் மணத்துக்கொண்டிருந்தது. நண்பா, நீ போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் ஜனவரி ஒன்று இது.

வருஷாவருஷம் மாதா கோயிலில் புத்தாண்டுப் பூசை முடிந்ததும் நேரே இங்கேதான் வருவாய். பழத்தை நீட்டி, "சலாம் தொரை" என்பாய். கடையாட்கள் சிரிப்பார்கள். தராசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உன் கொள்ளுப்பாட்டன் கதையைச் சொல்லாமல் டீயைத் தொடமாட்டாய்.

வெள்ளைக்காரன் காலத்தில் வேலை கேட்பவர்கள் புத்தாண்டன்று துரையின் பங்களா வாசலில் காணிக்கையோடு நிற்பார்களாம். "அவனவன் கோழி, நெய்யின்னு தூக்கிகினு போனான். எங்காளு கையில ஒரே ஒரு பழம். தொரை வெள்ளிமலைக்கு வேட்டைக்குப் போயி காய்ச்சலோட வந்துகீறாரு. வாயெல்லாம் கசப்பு. பழத்தப் புழிஞ்சு குடிச்சாரு, சேவகன் டவாலிய மாட்டிவுட்டாரு!"

"தொரைக்கு வாய் கசந்துது, உங்க வூட்டுக்கு சர்க்கார் சம்பளம். கோழியோட திரும்பி வந்தவன் எங்க பாட்டனா இருப்பான்" என்பேன்.

"அதான் நீ மூட்ட தூக்கி மொதலாளி ஆன. கோழிக்கு நன்றி சொல்லு!"

போன வருஷம் படியேறும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. யாரும் சும்மா பழம் தரமாட்டார்கள் என்பது என் வியாபாரக் கணக்கு. உன் பையனுக்காக ஏதாவது கேட்பாய், உடனே செய்யலாம் என்று காத்திருந்தேன். நானே கேட்டேன்: "இத்தினி வருஷமா பழம் குடுத்துகினு கீற, இன்னாதான்பா வேணும்?"

"இந்த நாற்காலில கொஞ்ச நேரம் உக்கார வுடு. அது போதும்."

இப்போது வருகிற எல்லோருக்கும் என்னிடம் ஏதோ ஒன்று வேண்டும். அதில் தப்பில்லை, நானும் அப்படி நாலு வாசலில் நின்றவன்தான். ஆனால் அவர்கள் வேலை முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்.

சாயங்காலம், காலையில் வேலை கேட்டு வந்த பழத்தை விட்டுவிட்டு, சந்தையில் வேறொன்று வாங்கி உன் கல்லறையில் வைத்தேன். "சலாம் தொரை" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்க ஆளில்லை.

கடைக்குத் திரும்பியதும் கடையாள் கேட்டான்: "அந்த நாற்காலில யாரும் உக்கார்றதில்லீங்களே மொதலாளி, எடுத்துட்டு மூட்ட போட்டுக்கட்டுங்களா?"

"வேணாம்பா," என்றேன். "அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சி."